வாய் கொப்பளித்த நீரில் ஒரு வெள்ளை இழை

மனித உடம்பின் மரபுப் பொருளைக் கண்ணால் பார்க்க மைக்ராஸ்கோப் தேவையில்லை. கால் டம்ளர் குடிநீர், கால் ஸ்பூன் உப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டுகள், ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்த ஆல்கஹால், ஒரு டெஸ்ட் டியூப். இவை இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஒரு பாடவேளை முடிவதற்குள் தன்னுடைய டி.என்.ஏ.வைக் குழாயில் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

செய்முறை எளிது. முதலில் வாயை வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துச் சாப்பாட்டுத் துணுக்குகளை வெளியேற்ற வேண்டும். பிறகு உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, ஒரு நிமிடம் விடாமல் கொப்பளிக்க வேண்டும். அப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பற்களால் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; கடிக்கக் கூடாது. அந்த நீரைக் கப்பில் துப்பி, அதிலிருந்து கொஞ்சம் டெஸ்ட் டியூபில் எடுத்து, ஓரிரு சொட்டு சோப்பு விட்டு, குழாயை மூடி மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நுரை வரும்படி குலுக்கக் கூடாது. கடைசியாகக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, குளிர்ந்த ஆல்கஹாலை உட்சுவரை ஒட்டி வழியவிட வேண்டும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அதனால் கலக்காமல் மேலே தனி அடுக்காக நிற்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் வெண்மையாக ஏதோ தோன்றும். மெல்லிய இழைகள் மேல்நோக்கி எழும். சின்னக் காற்றுக் குமிழிகள் அவற்றில் சிக்கிக்கொண்டு, மேலே மேலே இழுத்துச் செல்லும். கண்ணாடிக் குச்சியால் மெதுவாகச் சுற்றினால் இழைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும்.

பல பள்ளிகளில் சோதனை இங்கேயே முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மணி அடிக்கிறது. இது போதாது என்பது என் கருத்து. உப்பு ஏன், சோப்பு ஏன், ஆல்கஹால் ஏன், அதுவும் குளிர்ந்த ஆல்கஹால் ஏன் என்று கேட்காவிட்டால் இது வெறும் வித்தை. கேட்டால், ஒவ்வொரு படியும் டி.என்.ஏ. என்ற மூலக்கூறின் ஒரு குணத்தைச் சொல்லும். அந்தக் குணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க மனிதர்களுக்குச் சுமார் நூறு ஆண்டுகள் பிடித்தன.

முதல் கேள்வி: ஏன் கன்னம்? கைத்தோலைச் சுரண்டினால் ஆகாதா? ஆகாது. நம் தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்து உலர்ந்த செல்கள். மேலே வரும் வழியிலேயே அவை தம் உட்கருவை இழந்துவிடுகின்றன. டி.என்.ஏ.வின் பெரும்பகுதி இருப்பதே உட்கருவில்தான். கன்னத்தின் உட்புறமோ எப்போதும் ஈரமாக இருக்கும் பரப்பு. அங்கே மேலடுக்குச் செல்களும் உட்கருவோடுதான் இருக்கின்றன, உட்கருவோடுதான் உதிர்கின்றன. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் அவை ஓயாமல் உதிர, அடியிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். ஊசி குத்தாமல், வலிக்காமல், ரத்தம் வராமல் உட்கருவுள்ள செல்களை எடுக்க உடம்பில் இதைவிட நல்ல இடம் கிடையாது. சொல்லப்போனால் ரத்தமே இதற்கு அவ்வளவு வளமான இடமல்ல. மனித ரத்தத்தில் மிகப் பெரும்பான்மையான சிவப்பணுக்களுக்கு உட்கருவே இல்லை. ரத்தத்திலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய முழுவதும் வெள்ளணுக்கள் தருவதுதான். எச்சிலிலும் வெள்ளணுக்கள் நிறைய உண்டு. ஆகவே நாம் துப்பிய நீரில் கன்னச் செல்களோடு அவையும் கலந்திருக்கின்றன.

இனி சோப்பு. செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வும் உட்கருவைச் சுற்றி இருக்கும் சவ்வும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கைத் தட்டிலிருந்து கிளப்பும் அதே வேலையைத்தான் சோப்பு இங்கேயும் செய்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் முனைகள் சவ்வுக்குள் நுழைந்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து நீரில் கரைத்துவிடுகின்றன. செல் உடைகிறது, உட்கரு உடைகிறது, உள்ளே இருந்தவை எல்லாம் வெளியே கொட்டுகின்றன. கலங்கலாக இருந்த நீர் கொஞ்சம் தெளிந்து பிசுபிசுப்பாவதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும்.

ஆனால் வெளியே வந்த டி.என்.ஏ. தனியாக வருவதில்லை. உட்கருவுக்குள் அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றிச் சுற்றி இறுக்கப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு கட்டுக்கு 147 கார இணைகள் (டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் இணைக்கும் படிகள்) நீளமுள்ள டி.என்.ஏ. சுற்றியிருக்கும், இப்படிக் கோடிக்கணக்கான கட்டுகள். உப்பும் சோப்பும் இந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் புரதத்தைச் செரிக்கும் நொதி ஒன்றைச் சேர்ப்பார்கள். அன்னாசிச் சாறு சேர்க்கச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. அதில் புரோமிலைன் என்னும் நொதி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழிந்த பழச்சாற்றை ஊற்றினால் அன்னாசியின் டி.என்.ஏ.வும் கூடவே வரும். கடைசியில் குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பது யாருடையது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? கறியை மென்மையாக்கக் கடையில் விற்கும் பப்பாளி நொதிப் பொடி ஒரு சிட்டிகை அதைவிட மேல். எதுவும் சேர்க்காவிட்டாலும் இழை வரும்.

அடுத்தது உப்பும் ஆல்கஹாலும். இந்தச் சோதனையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுதான்.

பெயரின் கடைசி எழுத்தான ‘ஏ’ (ஆசிட்) சொல்வதுபோல டி.என்.ஏ. ஒரு அமிலம். அதன் இரண்டு இழைகளின் வெளிப்புறம் நெடுகிலும் பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு எதிர் மின்சுமை தாங்கியது. ஒரு கார இணைக்கு இரண்டு. ஒரு மனித செல்லில் ஏறத்தாழ 620 கோடி கார இணைகள். அப்படியானால் ஒரே செல்லின் டி.என்.ஏ.வில் 1,200 கோடிக்கும் மேற்பட்ட எதிர் மின்சுமைகள். ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று விலக்கும். ஒரு டி.என்.ஏ. இழை இன்னொன்றை நெருங்க முடியாது. மின்சுமை உள்ளவற்றைத் தண்ணீர் விரும்பிச் சூழ்ந்துகொள்ளும் என்பதால் ஒவ்வொரு இழையும் நீர் மூலக்கூறுகளின் உறைக்குள் தனித்தனியாக மிதக்கிறது. அதனால்தான் உடைந்த செல்களின் நீரில் அத்தனை டி.என்.ஏ. இருந்தும் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை, எல்லாம் கரைந்திருக்கிறது.

உப்பு கரைந்தால் சோடியம் அயனிகள் கிடைக்கும். அவை நேர் மின்சுமை கொண்டவை. அவை போய்ப் பாஸ்பேட்டுகளின் பக்கத்தில் உட்கார்ந்து சுமையைச் சமன் செய்துவிட்டால் இழைகள் ஒன்றுசேரலாம். ஆனால் தண்ணீர் இருக்கும்வரை அது நடக்காது. இரண்டு மின்சுமைகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பை வெற்றிடத்தில் இருப்பதைவிடச் சுமார் 80 மடங்கு குறைத்துவிடும் ஆற்றல் தண்ணீருக்கு உண்டு. சோடியமும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று இழுத்தாலும், நீர் நடுவில் புகுந்து அந்த இழுப்பை வலுவிழக்கச் செய்கிறது.

எத்தில் ஆல்கஹாலில் இந்தக் குறைப்பு சுமார் 25 மடங்குதான். ஆல்கஹால் கலக்கக் கலக்க, சோடியத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையிலான ஈர்ப்பு வலுக்கிறது. ஒரு கட்டத்தில் அயனிகள் பாஸ்பேட்டுகளைப் பற்றிக்கொள்கின்றன. சுமை தணிகிறது, நீருறை கழன்றுவிடுகிறது, இழைகளுக்கு இனி விலகி நிற்கக் காரணமில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று சிக்கி, கரைசலிலிருந்து பிரிந்து வெளியே வருகின்றன. ஆல்கஹாலும் நீரும் சந்திக்கும் எல்லையில்தான் இழை முதலில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. குளிரவைப்பதற்கும் காரணம் உண்டு. செல் உடையும்போது டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளும் வெளிவருகின்றன. குளிரில் அவை மந்தமாகும். குளிர்ந்த கரைசலில் டி.என்.ஏ. கரைவதும் குறையும்.

ஒரு சிட்டிகை சமையல் உப்பு இல்லாவிட்டால் இது நடக்காது என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களில் இன்றும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறைகளில் உப்பும் ஆல்கஹாலும் இருக்கின்றன. சில முறைகளில் சோடியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் அசிட்டேட் இருக்கும், தத்துவம் ஒன்றுதான்.

டி.என்.ஏ.வின் தடிமன் வெறும் 2 நானோமீட்டர். நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் மிகக் குறுகிய அலைநீளமே சுமார் 400 நானோமீட்டர். ஒரு தனி டி.என்.ஏ. மூலக்கூறைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூட அப்படியே பார்க்க வழியில்லை. பிறகு குழாயில் தெரிவது எது? பஞ்சிலிருந்து பிரிந்த ஒற்றை இழையைப் பத்தடி தள்ளி வைத்தால் தெரியாது; ஆயிரம் இழைகளைத் திரித்துக் கயிறாக்கினால் தெரியும். குழாயில் தெரிவது அந்தக் கயிறு. அது திரளக் காரணம் நீளம்.

அந்த நீளம் நம்ப முடியாதது. ஒரு கார இணைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். 620 கோடியால் பெருக்கிப் பாருங்கள்: இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் சிறிய உட்கருவுக்குள் இரண்டு மீட்டர்! நம் குரோமோசோம்களில் மிகப் பெரியதான முதலாம் குரோமோசோமை மட்டும் நீட்டினால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும்; அது ஒரே மூலக்கூறு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு டி.என்.ஏ.வை எடுத்து, எல்லாத் துண்டுகளையும் முனைக்கு முனை வைத்தால் சுமார் 310 கிலோமீட்டர் போகும். சென்னையில் தொடங்கினால் திருச்சியை நெருங்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இழை வந்துவிட்டால் அதில் இருப்பது அதைவிடப் பல மடங்கு.

குழாயைக் குலுக்காதே என்று சொல்வதற்கும் இந்த நீளமே காரணம். இவ்வளவு நீண்டு மெலிந்த ஒன்று, நீரின் சுழற்சியிலேயே அறுந்துபோகும். வேகமாகக் கலக்கினால், ஏன் குறுகிய முனையுள்ள பிப்பெட்டில் உறிஞ்சினால்கூட, கோடிக்கணக்கான கார இணைகள் கொண்ட மூலக்கூறு சில ஆயிரங்களாகத் துண்டாகிவிடும். துண்டுகள் குட்டையானால் இழையாகத் திரளாது. பொடிப் பொடியாக வெள்ளைத் துகள் மட்டும் தெரியும். முரட்டுக் கையுள்ள மாணவனுக்கும் பொறுமையான மாணவிக்கும் கிடைக்கும் முடிவில் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த வெள்ளைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஃபிரெட்ரிக் மீஷர். 1844இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். தானும் மருத்துவம் படித்தார். ஆனால் இளமையில் வந்த கடும் காய்ச்சலால் காது மந்தமாகிவிட்டது. நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்க முடியாத மருத்துவராக இருப்பதைவிட ஆய்வுக்கூடத்துக்குப் போவது மேல் என்று 1868இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகருக்குப் போனார். உயிர்வேதியியலாளர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலரின் ஆய்வுக்கூடம் அங்கே ஒரு பழைய கோட்டையில் இருந்தது. மீஷர் வேலை செய்த அறை, ஒரு காலத்தில் அந்தக் கோட்டையின் சமையலறை.

செல் எதனால் ஆனது என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். நிறையச் செல்கள் வேண்டும், மற்ற திசுக்களின் கலப்பும் இருக்கக் கூடாது. ஊரிலிருந்த அறுவை மருத்துவமனையிலிருந்து சீழ் ஊறிய கட்டுத் துணிகள் அவருக்கு வந்தன. சீழ் என்பது பெரும்பாலும் வெள்ளணுக்கள். கெட்டுப்போனவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைச் சோடியம் சல்பேட் கரைசலில் அலசிச் செல்களைப் பிரித்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து பெப்சின் என்ற நொதியைத் தானே தயாரித்துப் புரதங்களைச் செரிக்கவைத்தார். கொழுப்பை நீக்க ஆல்கஹால். எஞ்சிய உட்கருக்களைக் காரத்தில் கரைத்து அமிலம் சேர்த்தபோது, பஞ்சுபோல் ஒன்று கீழே படிந்தது. புரதத்தில் இருக்கும் கந்தகம் அதில் இல்லை; மாறாக நிறையப் பாஸ்பரஸ் இருந்தது. அதுவரை யாரும் அறிந்திராத பொருள். 1869ஆம் ஆண்டு அது. உட்கருவில் கிடைத்ததால் அதற்கு நியூக்ளியின் என்று பெயரிட்டார். ஹோப்பே-சைலர் தானே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் வெளியிட அனுமதித்தார்; கட்டுரை 1871இல் வந்தது.

உப்புக் கரைசல், புரதம் செரிக்கும் நொதி, கொழுப்பை நீக்கும் ஒன்று, கரைசலிலிருந்து வெளியே தள்ளும் ஒன்று. வகுப்பறைச் செய்முறையின் எலும்புக்கூடு முழுவதும் அங்கேயே இருக்கிறது. பின்னாளில் மீஷர் பாசலுக்குத் திரும்பி, ரைன் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன்களின் விந்தணுக்களிலிருந்து இன்னும் தூய்மையாக அதை எடுத்தார். பொருள் கெட்டுவிடாமல் இருக்க, விடியுமுன்பே எழுந்து, குளிரெடுக்கும் அறையில் வேலை செய்வார். காசநோய் வந்து 1895இல், 51 வயதில் இறந்தார். தான் எடுத்தது மரபின் பொருள் என்று அவர் அறிந்திருக்கவில்லை.

அதை அறிய 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் பலரும் புரதத்தின் மீதே கண் வைத்திருந்தார்கள். இருபது வகை அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் எங்கே, நான்கே காரங்கள் கொண்ட இந்தச் சாதுப் பொருள் எங்கே என்பது அன்றைய எண்ணம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மெக்லியோட், மெக்லின் மெக்கார்ட்டி மூவரும் நிமோனியா பாக்டீரியாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இறந்த ஒரு வகைப் பாக்டீரியாவிலிருந்து ஏதோ ஒரு பொருள், உயிருள்ள வேறொரு வகையை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது. மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அந்தப் பொருள் எது?

அவர்கள் செய்ததைப் படித்துப் பாருங்கள். பாக்டீரியாவை உடைக்கப் பித்த உப்பு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அது சோப்பின் வேலையைச் செய்யும். பிறகு கரைசலைக் கலக்கிக்கொண்டே துளித்துளியாக ஆல்கஹால் விட்டார்கள். ஏறத்தாழச் சம அளவு ஆல்கஹால் சேரும்போது இழைகள் பிரிந்து வந்து, கலக்கும் குச்சியில் தாமாகவே சுற்றிக்கொண்டன. 75 லிட்டர் பாக்டீரியா வளர்ப்பிலிருந்து கிடைத்தது 10 முதல் 25 மில்லிகிராம். அந்த இழையை 60 கோடியில் ஒரு பங்காக நீர்க்கச் செய்தும் அது பாக்டீரியாவை மாற்றியது. புரதம் செரிக்கும் நொதிகள் அதை ஒன்றும் செய்யவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி சேர்த்தபோதுதான் அதன் ஆற்றல் போயிற்று. அந்தக் கட்டுரை வெளிவந்தபோது ஏவரிக்கு 66 வயது. அவருக்கு நோபல் பரிசு தரப்படவேயில்லை. அறிவியல் வரலாற்றில் நடந்த பெரிய அநீதிகளில் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன்.

1950இல் இன்னொரு குச்சி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ருடால்ஃப் சிக்னர், கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து மிகக் கவனமாக, அறுந்துபோகாமல் எடுத்த டி.என்.ஏ.வை லண்டனில் நடந்த ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவந்து, கேட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். வாங்கியவர்களில் ஒருவர் கிங்ஸ் கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ். ஈரமான அந்தக் கூழைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு மேலே இழுத்தபோது, சீரான மெல்லிய இழை ஒன்று நீண்டு வருவதைக் கண்டார். உள்ளே மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசைப்பட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த இழைகளை எக்ஸ்-கதிரில் வைத்துப் படம்பிடிக்கும் வேலை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. சிக்னரின் டி.என்.ஏ.வைக் கொண்டுதான் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் 1952 மே மாதம் அந்தப் புகழ்பெற்ற 51ஆம் எண் படத்தை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானது. அந்தக் கதை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

இப்போது குழாய்க்குத் திரும்புவோம். அதில் மிதப்பது முழுக்க முழுக்க உங்கள் டி.என்.ஏ.தானா? நேர்மையாகச் சொன்னால், இல்லை.

எச்சிலுக்கு வழுவழுப்பைக் கொடுப்பது மியூசின் என்ற பொருள். சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதம் அது. ஆல்கஹால் பட்டால் அதுவும் வெண்மையாகத் திரளும். டி.என்.ஏ.வோடு ஒட்டியே வரும் புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் உண்டு. ஒவ்வொருவர் வாயிலும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மனிதர்களின் வாய்களில் இதுவரை நூற்றுக்கணக்கான இனங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் சில சோப்புக்கே உடைந்து தம் டி.என்.ஏ.வைக் கலந்துவிடும், தடித்த சுவருள்ள இனங்கள் அசையாமல் நிற்கும். முதலில் வாயைக் கழுவாமல் தொடங்கினால், காலையில் தின்ற பொரியலின் டி.என்.ஏ.வும் சேரும்.

‘உங்கள்’ டி.என்.ஏ.விலும் ஒரு சிறு பகுதி வேறு வழியில் வந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு: 16,569 கார இணைகள் கொண்ட சிறிய வட்டம். தகப்பன் வழியில் அது வருவதில்லை. தாயிடமிருந்து, தாயின் தாயிடமிருந்து என்று பெண்வழியாகவே வந்தது. மற்றபடி உட்கருவின் 46 குரோமோசோம்களில் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. இரண்டும் அந்த வெள்ளை இழையில் பின்னிக் கிடக்கின்றன. கண்ணால் பிரித்தறிய முடியாது.

இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. சொல்லிவிட்டு, டி.என்.ஏ. இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வீர்கள் என்று கேட்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் டைஃபீனைல் அமீன் கரைசலைச் சேர்த்துச் சூடாக்குவார்கள், டி.என்.ஏ.வின் சர்க்கரை இருந்தால் நீலநிறம் வரும். பள்ளியில் அந்த அமிலக் கரைசல் வேண்டாம். தெரிந்துகொள்ள வேறு வழியும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கன்னத்தைத் தேய்த்து எடுக்கும் செல்கள் வகுப்பறைக்கு வெளியிலும் பெரிய வேலைகள் செய்கின்றன. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்தார், ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தில் லால்ஜி சிங் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். இன்று குற்றப் புலனாய்வில் சந்தேகத்துக்குரியவரின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுப்பது உலகெங்கும் வழக்கம். நேஷனல் ஜியோகிராஃபிக் 2005இல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டம், மனித இனம் உலகெங்கும் பரவிய பாதையை அறியப் பொதுமக்களின் கன்னச் செல்களைத்தான் கேட்டது. அதன் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பேற்றவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் காணப்படும் எம்130 என்ற மரபு அடையாளத்தை மதுரைக்கு அருகே ஜோதிமாணிக்கம் என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவரின் டி.என்.ஏ.வில் அவர் குழு அதற்கு முன்பே கண்டிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாக ஆஸ்திரேலியா போன ஆதி மனிதர்கள் நம் மண் வழியே நடந்தார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

இன்னொன்று, உயிர் காக்கும் பயன். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்கள் கண்டவர்களுக்கு ஸ்டெம் செல் தானம் தேவைப்படும்போது, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் பொருந்த வேண்டும். சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற தானப் பதிவகங்கள், பதிவு செய்ய வருபவரிடம் முதலில் கேட்பது கன்னத்தில் தேய்த்த குச்சியைத்தான்.

கடைசியாக ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் கீரை, பட்டாணி, பப்பாளி போன்றவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது இருக்கிறது. அதில் இழை நிறைய வரும், தோற்காது. ஆனாலும் கன்னச் செல் சோதனையையும் ஒருமுறை செய்யவையுங்கள். பப்பாளியின் மரபுப் பொருளைப் பார்ப்பது வேறு, தன்னுடையதைப் பார்ப்பது வேறு. இழை மெல்லிதாக, ஒரு நகக்கண் அளவுக்கு வந்தாலும் போதும்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் கப்பை, தன் குழாயை மட்டுமே தொட வேண்டும். எச்சில் வழியே நோய் பரவும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அன்று பார்வையாளர்களாக இருக்கட்டும். முடிந்ததும் ஆல்கஹால் உள்ள நீரைத் தனியே அப்புறப்படுத்தி, கப்பையும் குழாயையும் நன்றாக அலசிய பிறகே பிளீச்சிங் கரைசலில் ஊறவையுங்கள்; ஆல்கஹாலோடு பிளீச்சிங் கரைசல் கலக்கக் கூடாது. எத்தில் ஆல்கஹால் கிடைக்காவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். கையில் தடவும் சானிடைசர் ஜெல் வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். ஆல்கஹால் திறந்திருக்கும் அறையில் ஸ்பிரிட் விளக்கு எரியக் கூடாது. குழாயில் இருப்பதை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள்.

முன்பு சொன்ன அந்த வேறு வழி இது. ஒரு குழாய் வைக்காதீர்கள், ஐந்து வையுங்கள். ஒன்றில் எல்லாம் சரியாக இருக்கட்டும். ஒன்றில் கன்னத்தைத் தேய்க்காமல் சும்மா துப்பிய எச்சில். ஒன்றில் உப்பு இல்லாத நீர். ஒன்றில் சோப்பு இல்லை. ஒன்றில் ஆல்கஹால் ஊற்றுவதற்கு முன் வேகமாகக் குலுக்கிவிடுங்கள். எதில் இழை வந்தது, எதில் வரவில்லை, எதில் அரைகுறையாக வந்தது என்று பிள்ளைகளே எழுதட்டும். ஏன் என்பதையும் அவர்களே முதலில் சொல்லட்டும். நீங்கள் அதற்குப் பிறகு பேசுங்கள்.